பின்பக்கத்தில் என்னென்ன செருகியிருக்கிறது?

ஒரு பரவலான மூடநம்பிக்கையைத் திருத்திவிட்டுத்தான் மேலே போக முடியும். விண்டோஸ் பத்துக்கு ஆதரவு நிற்கும் நாளன்று, உலகத்திலுள்ள விண்டோஸ் பத்துகள் அத்தனையும் ஒரே மூச்சில் அடங்கிவிடும் என்று மும்பைத் தமிழரில் பலர் உறுதியாக நம்பினார்கள். இது உண்மையன்று. அன்று காலை நான் நேரில் போய்ப் பார்த்தேன்: ஆண்டாப் ஹில்லில் இரண்டு, மாட்டுங்காவில் மூன்று, செம்பூரில் ஒன்று. ஆறும் நலம். செம்பூரில் இருந்தது முந்தைய நாளைவிடத் தெம்பாகவே இருந்தது. கடைசி நாளாயிற்றே என்று அதன் தலைமேல் அடுக்கியிருந்த பாடப் புத்தகங்களை எடுத்துவிட்டிருந்தார்கள், காற்று கிடைத்தது. நின்றுபோனது பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும்தான். வாசலில் இருந்த காவல்காரர் வேலையை விட்டுப் போனார், வீடு இடியவில்லை.

பழைய கம்ப்யூட்டருக்குப் புது விண்டோஸ் போடும் தொழில், பல் வைத்தியம் மாதிரி. வலி வரும்வரை யாரும் கூப்பிட மாட்டார்கள். வந்த பிறகு, எதையும் தொடாமல் சரிசெய்யச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடமாக ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு பையை மாட்டிக்கொண்டு மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் செம்பூருக்கும் நடுவே இதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பழைய கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக ஜீவன்களே, உங்கள் பக்கத்துக் கதையை நான் அறிவேன். இது மேஜைக்கு இந்தப் பக்கத்துக் கதை.

ஞானசெல்வத்தின் ஏழு

தாராவியில் ஞானசெல்வம் எம்ப்ராய்டரி பட்டறை வைத்திருக்கிறார். பட்டறை என்றால் கீழே இரண்டு மிஷின், மேலே ஏணிப்படி ஏறினால் குடித்தனம். மிஷினை ஓட்டுவது அவர். மிஷினுக்கு மூளை அவர் மனைவி ரோஸ்லின். பள்ளிச் சின்னம், கோயில் கொடி, பாதிரியார் பூசை உடுப்பு, எதுவானாலும் அந்த அம்மாள் கம்ப்யூட்டரில் வரைவார். அதிலுள்ள ஒரு மென்பொருள் படத்தைத் தையலாக மாற்றும். அதை மிஷின் அப்படியே குத்தும். கம்ப்யூட்டர் விண்டோஸ் ஏழு. பதினைந்து வருடப் படங்கள் அதற்குள் இருக்கின்றன, அந்த மென்பொருளைத் தவிர வேறெதிலும் அவை திறக்காது. அதை விற்ற கம்பெனி இப்போது இல்லை.

பிரச்சினை கோபர்கைரனேயிலிருந்து வந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம். அதன் சட்டைப் பைச் சின்னத்தால்தான் இவர்கள் மிஷின் வருடத்தில் ஆறு மாதம் ஓடுகிறது. பள்ளிக்கூடம் இந்த வருடம் சின்னத்தின் நிறத்தை மாற்றியது; கூடவே, இனி எல்லாம் இணையதளம் வழியாகத்தான் என்றும் சொல்லிவிட்டது. திருத்திய தையல் கோப்பை ஜனவரி கடைசிப் புதன்கிழமைக்குள் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஆர்டர் வேறொருவருக்கு. அந்த இணையதளமோ ஏழில் திறக்க மறுத்தது. ஏழை எடுத்தால் மென்பொருள் போய்விடும். எடுக்காவிட்டால் ஆர்டர் போய்விடும். நவம்பரிலேயே என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், அதுவரை நல்ல புத்திதான். நான் உட்கார்ந்து வழிகளை விளக்கினேன்: இருப்பதன் மேலேயே ஏற்றுவது, துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவது, விண்டோஸையே விட்டுவிட்டு லினக்ஸுக்குப் போவது, புதுக் கம்ப்யூட்டர் வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம். நான் ஆரம்பித்தால் நிறுத்துவதில்லை என்பதால் அவர் என்னை 'வாத்தியாரே' என்றுதான் கூப்பிடுவார். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மேல்மாடியைக் காட்டிக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"வாத்தியாரே, பத்தோ பதினொண்ணோ, நீங்க எதையும் போடுங்க. மிஷினு போனா பாத்துக்கிடலாம். அவ வரைஞ்சது போச்சுன்னு வைங்க, நான் அந்த ஏணியில ஏற முடியாது, ஆமா."

நவம்பரில் ஒரு மரணம்

ஞானசெல்வத்தின் ஏழைத் தொடுவதற்கு முன், மற்றவர்கள் வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். அவர்களிடம் இதைச் சொல்லவில்லை.

முதல் ஒத்திகை மாட்டுங்காவில், வைத்தியநாதன் மாமா வீட்டில். அரசு உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். ஓய்வூதியக்காரர்கள் ஒவ்வொரு நவம்பரிலும் தாங்கள் உயிரோடிருப்பதை நிரூபிக்க வேண்டும். மாமா அதற்கென்றே ஒரு கைரேகைக் கருவி வாங்கி வைத்திருக்கிறார். அதில் கட்டைவிரலை வைப்பார், திரை பச்சை காட்டும், அடுத்த நவம்பர்வரை அவர் உயிரோடிருக்கிறார். கம்ப்யூட்டர் விண்டோஸ் பதினொன்றுக்குத் தகுதியானது என்று வந்ததால், இருந்த பத்தின் மேலேயே ஏற்றினேன். அழகாக ஏறியது. திரையில் சன்னல்களின் மூலையெல்லாம் மழமழவென்றாகிவிட்டது என்று மாமி பாராட்டினார். மறுநாள் மாமா விரலை வைத்தார். கருவியை அடையாளமே தெரியவில்லை என்றது திரை. பதினொன்றுக்கான டிரைவர் மென்பொருள் அந்தக் கருவிக்குக் கிடைக்கவில்லை.

வங்கிக்கு நேரில் போனாலும் ஆகும் என்றேன். இரண்டு மாடி ஏறி, உயிரோடிருக்கிறேன் என்று சொல்லவா என்றார். வாதம் நியாயமாகத்தான் பட்டது. நல்லவேளை, ஏற்றிய பத்து நாளுக்குள் பழையதற்கே திரும்ப வழி உண்டு. திரும்பினேன்; அரைமணியில் மாமா உயிர்த்தெழுந்தார். அன்றே டைரியில் முதல் விதியை எழுதினேன்: எதைத் தொடுவதற்கு முன்னும், பின்பக்கத்தில் என்னென்ன செருகியிருக்கிறது என்று பட்டியல் போடு. நான் எழுதிக்கொண்டிருந்தபோது மாமா மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துச் சொன்னார்:

"ஏன்டாப்பா, போன வருஷம் இதே நாற்காலில உக்காந்துண்டு உயிரோட இருந்தேன். மெஷினை மாத்தினது நீ, போனது நானா?"

கொட்டாவியா, பிறப்பா?

செம்பூர் கோமதியம்மாள், வீட்டில் டியூஷன் எடுப்பவர். அவருக்குத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுவதாகத் திட்டம். நாள் அவரே குறித்தார். திங்கட்கிழமை ஏழரைக்கு ராகு காலம், அதற்குள் ஆரம்பித்துவிட வேண்டும். ஏழு இருபதுக்குப் பட்டனை அமுக்கினேன். எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கம்ப்யூட்டர் அணைந்து, தானாக மறுபடி எழுந்தது. அம்மாள் பதறிப்போனார். இது நடுவில் விட்ட கொட்டாவியா, புதுப் பிறப்பா? புதுப் பிறப்பு என்றால் ராகு காலத்தில் அல்லவா பிறந்திருக்கிறது? இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. யோசித்து, கொட்டாவிதான் என்று தீர்ப்பளித்தேன். அதற்குப் பிறகு அது மூன்று கொட்டாவி விட்டது.

தவறு நடந்தது வேறிடத்தில். கம்ப்யூட்டரின் மேல் ஓர் எலுமிச்சம்பழம் இருந்தது. காற்றுத் துவாரத்தை அடைக்கிறதே என்று எடுத்துச் சமையலறை மேடையில் வைத்தேன், வைத்ததை மறந்தும் போனேன். அது கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த பழம். பதினோரு மணிக்குத் தேடத் தொடங்கினார்கள்; அதற்குள் சமையல் முடிந்திருந்தது. டைரியில் இரண்டாவது விதி: பக்திப் பொருள்களை ஆராயாதே, கேள்வி கேட்காதே, கழுவிய கையால் எடுத்து நேராகச் சாமியிடத்தில் வை. கோமதியம்மாள் கோபப்படவில்லை. பெருமூச்சு விட்டு, உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த மருமகளைப் பார்த்தபடி சொன்னார்:

"ரசத்துல பிழிஞ்சாச்சு, இனிமே என்ன செய்ய? கம்ப்யூட்டருக்கு ஏதாவது வந்தா அவ வயித்துக்குள்ள இருந்துதான் காப்பாத்தணும்."

பெயர் தெரியாத வரை

ஆண்டாப் ஹில்லில் பஸ் ஓட்டும் முருகேசனின் கம்ப்யூட்டருக்குப் பத்தே பாரம். ஒத்திகைகளுக்கெல்லாம் முன்பே அதில் லினக்ஸ் போட்டுக் கொடுத்திருந்தேன், முகப்பைப் பழைய விண்டோஸ் சாயலில் அமைத்திருந்தேன். என்ன போட்டேன் என்று அவரும் கேட்கவில்லை. போன கோடையிலிருந்து மகள் அதில் படித்தாள், அவர் பாட்டுக் கேட்டார், ஒரு புகாரும் இல்லை. டிசம்பரில் ஊரிலிருந்து வந்த மைத்துனர் திரையைப் பார்த்துவிட்டு, "இது விண்டோஸே இல்லையே" என்றாராம். அன்று சாயங்காலம் முதல் கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, எழுத்து மங்கலாகிவிட்டது, மகளுக்குத் தலைவலியும் வருகிறதாம். போய்ப் பார்த்தேன், முன்பு எப்படி ஓடியதோ அப்படியேதான் ஓடியது. அவரிடமே கடிகாரத்தைக் கொடுத்து நேரம் பார்க்கச் சொன்னேன். வித்தியாசம் இல்லை என்று ஒப்புக்கொண்டார், ஆனால் சமாதானமாகவில்லை. மூன்றாவது விதி: பெயரைச் சொல்லாதே. வாசல்வரை வந்து வழியனுப்பும்போது முருகேசன் வருத்தமாகச் சொன்னார்:

"என்னமோ சார், மச்சான் சொல்ற வரைக்கும் நல்லா மக்கன் மாதிரி வழுவழுன்னுதான் ஓடிட்டு இருந்துச்சு."

மூன்று விதிகளும் ஒரே நாளில்

ஜனவரிக் கடைசியில் ரோஸ்லின் தம்பி கல்யாணத்துக்கு நாகர்கோவில் போனார். செவ்வாய் காலை திரும்புவார், நிறத்தை மாற்றி, புதன்கிழமை கோப்பை ஏற்றுவார். அதற்குள் கம்ப்யூட்டரைத் தயார்செய்து வைப்பது என் வேலை. சனிக்கிழமை காலை போனேன். ஒத்திகைகளின் பலனாக என் திட்டம் மிகச் சிறப்பாக இருந்தது. ஏழும் படங்களும் இருக்கும் பழைய வட்டைத் தொடவே போவதில்லை. பக்கத்தில் புது வட்டு ஒன்றைப் பொருத்தி அதில் லினக்ஸ். வரைவதற்கு ஏழு, இணையதளத்துக்கு லினக்ஸ். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். லினக்ஸ் என்ற சொல்லை மட்டும் யாரிடமும் உச்சரிப்பதில்லை.

முதல் விதிப்படி பெட்டியைத் திருப்பிப் பட்டியல் போட்டேன். மின்சாரம், மானிட்டர், கீபோர்டு, மவுஸ், பிரிண்டர்: ஐந்து. இவை தவிர ஆறாவதாக ஓர் உத்தரியம் தொங்கியது. கத்தோலிக்கர்கள் கழுத்தில் அணிவார்களே, நூலில் கோத்த சின்னத் துணிச் சதுரம், அது. சிவப்பு வெல்வெட்டில் வெள்ளிச் சரிகைச் சிலுவை, நூல் முனையில் அந்தோனியார் பதக்கம். கம்ப்யூட்டருக்கும் ஒன்று அணிவித்திருக்கிறார்கள், ஒரு துவாரத்தில் செருகித் தொங்கவிட்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டாவது விதிப்படி ஆராயவில்லை, கேட்கவில்லை. கையைக் கழுவினேன். எடுக்கும்போது கொஞ்சம் இறுக்கமாக இருந்தது. சுவரில் மாதா சுரூபமும் அந்தோனியார் சுரூபமும் வைத்த சின்னப் பீடம் இருக்கிறது; அந்தோனியார் காலடியில் வைத்தேன். டைரியில் தனிப் பத்தியில் எழுதினேன்: 'பக்திப் பொருள்: உத்தரியம் ஒன்று. பீடத்தில் வைக்கப்பட்டது.' பக்கத்தில் டிக் போட்டேன்.

சாயங்காலம் லினக்ஸ் எழுந்தது, இணையதளம் திறந்தது. ஏழும் எழுந்தது. திருப்தியாகப் போய்விட்டேன். ஞாயிறு பூசை முடிந்து வந்து ஞானசெல்வம் போன் செய்தார். மென்பொருள் திறக்கவில்லை, 'சாவி கிடைக்கவில்லை' என்கிறது. ஓடினேன். சாவி என்றால் இருபத்தைந்து எழுத்து உரிம எண்தான் என்று முடிவு கட்டினேன். முடிவு கட்டிய பிறகு நான் வேறெதையும் தேடுவதில்லை. பழைய ரசீதுகளைக் கிளறினோம். மென்பொருளை விற்ற கம்பெனியின் எண்ணுக்குப் போன் செய்தோம், ஒருவர் எடுத்தார். இப்போது அது டயர் கடை, நல்ல மனிதர், இரண்டு நிமிடம் பேசினார். திங்கட்கிழமை முழுக்க அமைப்புகளை மாற்றி மாற்றிப் பார்த்தேன். தொடாத வட்டு ஏன் பேச மறுக்கிறது என்று ஞானசெல்வத்துக்கு நீளமாக விளக்கினேன். விளக்கம் கேட்டவரைவிடச் சொன்னவருக்கே குறைவாகப் புரிந்தது.

ரோஸ்லினை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். கல்யாண வீட்டில் இருப்பவரைக் கலங்கடிக்கக் கூடாது என்று ஞானசெல்வம் மறுத்துவிட்டார். தினமும் அந்த அம்மாள் போன் செய்வார். "என்ன, எல்லாம் ஆச்சா?" "ஆச்சு ஆச்சு, நீ பந்தியில போயி உக்காரு." போனை வைத்ததும் இவர் பீடத்தின் முன் போய் நிற்பார். காணாமல் போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதில் அந்தோனியார் கைராசிக்காரர். திங்கள் சாயங்காலம் நானும் பக்கத்தில் நின்று கைகூப்பினேன். மிஷின்கள் ஓடவில்லை. பதினைந்து வருடப் படமும் கண்ணெதிரே பட்டியலாகத் தெரிந்தது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஞானசெல்வம் ஏணியைப் பார்த்தபடி சொன்னார்:

"பதினஞ்சு வருசம், வாத்தியாரே. எங்க கல்யாண ஆல்பத்துக்கு அட்டை குத்தினதுதான் அதுல மொத டிசைனு."

செவ்வாய்க்கிழமை

குர்லாவில் ரயிலிறங்கி ஒன்பது மணிக்கு ரோஸ்லின் வந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். தனியாக விடாதீர்கள் என்று ஞானசெல்வம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் எங்கள் முகங்களைப் பார்த்தார், பையைக் கீழே வைத்தார். செவ்வாய் அந்தோனியாருக்கு உகந்த நாள். முதலில் மெழுகுவத்தி, பிறகுதான் மற்றது. பெட்டியிலிருந்து ஒன்று எடுத்து, பற்றவைத்து, பீடத்தில் நிறுத்தப் போனவர் கை அப்படியே நின்றது.

"இது எதுக்கு இங்க கெடக்கு?"

உத்தரியத்தைக் கையில் எடுத்தார். வெல்வெட் உறையின் அடிப்பக்கத்தை விரலால் ஒதுக்கினார். உள்ளேயிருந்து பென் டிரைவ் மாதிரி ஒரு தகர மூக்கு எட்டிப் பார்த்தது. மென்பொருளோடு கம்பெனி கொடுத்த பூட்டுச் சாவி அது. கம்ப்யூட்டரில் செருகியிருந்தால்தான் மென்பொருள் வாயைத் திறக்கும். அந்தக் கம்பெனி போன பிறகு வேறொன்று எங்கும் கிடைக்காது என்பதால், தூசி படியாமலிருக்க உறை தைத்து, தொலையாமலிருக்கப் பதக்கம் கோத்து வைத்திருக்கிறார். இவ்வளவையும் எனக்குச் சொன்னது பிற்பாடு. அப்போது நேரே பெட்டியின் பின்பக்கம் குனிந்து செருகினார். மென்பொருள் திறந்தது. முதல் படத்தைத் தட்டினார். ரோஜா மாலைக்குள் இரண்டு பெயர் வந்தது. ஞானசெல்வம் ஸ்டூலில் உட்கார்ந்து, நாங்கள் பீடத்தின் முன் நின்று வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டார்.

நான் டைரியைத் திறந்து, அந்தப் பொருள் உரிய பத்தியில் பதிவாகியிருப்பதையும் டிக் போட்டிருப்பதையும் காட்டினேன். என் நாணயத்துக்கு அத்தாட்சியாக இருக்கட்டும் என்றுதான் காட்டினேன். ரோஸ்லின் அதை ஒரு எழுத்து விடாமல் வாசித்தார். கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"மூணு நாளா அந்தோனியாரு காலடியிலேயே வச்சிக்கிட்டு நிக்காரு. ரெண்டு ஆம்பளையளும் அவருகிட்டயே கேட்டுக்கிட்டு இருந்திருக்கீங்க!"

அதற்குப் பிறகு

மதியத்துக்குள் நிறத்தை மாற்றி முடித்தார். புது வட்டை எழுப்பி இணையதளத்தில் கோப்பை ஏற்றினோம். புதன்கிழமை காலை ஆர்டர் உறுதி என்று பதில் வந்தது, பகலுக்குள் இரண்டு மிஷினும் குத்தத் தொடங்கிவிட்டன. புதுத் திரையைப் பார்த்து ரோஸ்லின், "நல்லா லேசா இருக்குண்ணே, இது எத்தனையாவது விண்டோஸ்?" என்று கேட்டார். மூன்றாவது விதி ஒன்றுதான் காயமில்லாமல் மிஞ்சியிருந்தது. புதுசு என்று மட்டும் சொன்னேன்.

இரண்டாவது விதியைத் திருத்தி எழுதிவிட்டேன்: பக்திப் பொருளாகவே இருந்தாலும், உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்காமல் இடம் மாற்றாதே. அதன்படி போன வாரம் சுனாபட்டியில், ஒரு கம்ப்யூட்டர் மேலிருந்த மந்திரித்த எலுமிச்சம்பழத்தை, வீட்டார் ஏழு பேர் பார்த்துக்கொண்டிருக்க, இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தேன். அந்த வீட்டுக் கம்ப்யூட்டரை இப்போது வேறொருவர் கவனித்துக்கொள்கிறார்.